வெப்பம் எங்கிருந்து எங்கே போகிறது? இளம் அறிவியல் மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சிங்கப்பூரில் தொடக்கநிலை 4-இல் வெப்பம் பாடமாக வருகிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யில் மீண்டும் தலைகாட்டுகிறது. உயர்நிலைக்குப் போனதும் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று கிளை பிரிகிறது. 'உலோகம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், மரம் கடத்தாது' என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பிள்ளைகள் பலர். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டுவிட்டால் அவர்கள் தடுமாறிப் போகிறார்கள். மனப்பாடம் செய்ததில் குறை ஒன்றும் இல்லை. வெப்பம் எந்தத் திசையில் போகிறது என்று அவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பாடம் முழுவதற்கும் விதி ஒன்றுதான்: சூடு அதிகமான இடத்திலிருந்து சூடு குறைந்த இடத்துக்கு வெப்பம் தானாகப் போகும்; இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்ததும் நின்றுவிடும். கீழே வருகிற எல்லாப் படிகளிலும் இதைத்தான் வெவ்வேறு இடங்களில் பொருத்திப் பார்க்கப் போகிறோம். ஒரு பென்சிலும் வெற்றுத்தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்புக்குறி நிறைய போட வேண்டியிருக்கும்.

படி 1: வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு

காப்பிக்கடையில் வாங்கிய ஒரு கிளாஸ் தேநீர், 80 டிகிரி செல்சியஸ். குளியலறையில் ஒரு வாளி வெந்நீர், 40 டிகிரி. இரண்டும் ஆறி 30 டிகிரி அறை வெப்பநிலைக்கு வந்தால் எது அதிக வெப்பத்தை வெளியே விட்டிருக்கும்?

கேட்டவுடன் பெரும்பாலானவர்கள் தேநீர் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கிலோ நீரின் வெப்பநிலை 1 டிகிரி மாற ஏறக்குறைய 4,200 ஜூல் தேவை. தேநீரை 200 கிராம் நீர் என்றே வைத்துக்கொள்வோம்: 0.2 × 4,200 × 50 = 42,000 ஜூல். வாளியில் 10 கிலோ நீர்: 10 × 4,200 × 10 = 4,20,000 ஜூல். வாளி பத்து மடங்கு அதிகம்!

வெப்பநிலை என்பது ஒரு பொருளின் துகள்கள் சராசரியாக எவ்வளவு வேகமாக அசைகின்றன என்பதைக் காட்டும் அளவு. டிகிரியில் அளக்கிறோம். வெப்பம் என்பது ஆற்றல். ஜூலில் அளக்கிறோம். பொருள் எவ்வளவு இருக்கிறது, அது எந்தப் பொருள் என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும்.

வெப்பம் ஓர் ஆற்றல்தான் என்று ஒப்புக்கொள்ள அறிஞர்களுக்கே வெகுகாலம் பிடித்தது. 'கலோரிக்' என்ற கண்ணுக்குத் தெரியாத திரவம்தான் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுகிறது என்று 18-ஆம் நூற்றாண்டில் நம்பினார்கள். மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய் துளைக்கும் வேலையை மேற்பார்த்த கவுண்ட் ரம்ஃபோர்டு, மழுங்கிய கருவியால் துளைக்கத் துளைக்கச் சூடு வந்துகொண்டே இருப்பதைக் கண்டார். சுற்றியிருந்த தண்ணீர் நெருப்பே இல்லாமல் கொதித்தது. உள்ளே இருந்த திரவம் வெளியே வருகிறது என்றால் அது ஒருநாள் தீர்ந்துபோக வேண்டாமா? 1798-இல் அவர் இதை எழுதி வெளியிட்டார். 1840-களில் ஜேம்ஸ் ஜூல், விழும் எடையால் தண்ணீருக்குள் துடுப்பைச் சுழற்றி, எவ்வளவு வேலை செய்தால் எவ்வளவு சூடு வருகிறது என்று அளந்தே காட்டினார். அவர் பெயர்தான் இன்றைக்கு அலகாக நிற்கிறது.

படி 2: அம்புக்குறி போடுங்கள்

ஐஸ் போட்ட மைலோ ஒரு கிளாஸ். படம் வரைந்து வெப்பம் போகும் வழியைக் குறியுங்கள். ஐஸிலிருந்து மைலோவுக்கு அம்பு போட்டால் தவறு. மைலோவிலிருந்து ஐஸுக்குத்தான் அம்பு. மைலோ வெப்பத்தை இழக்கிறது, அதனால் அதன் வெப்பநிலை குறைகிறது. ஐஸ் வெப்பத்தைப் பெறுகிறது, அதனால் உருகுகிறது. உங்கள் கையிலிருந்து கிளாஸுக்கு ஓர் அம்பு, சுற்றியுள்ள காற்றிலிருந்து கிளாஸுக்கு இன்னோர் அம்பு. கிளாஸின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்வதும் இதனால்தான். காற்றில் இருக்கும் நீராவி குளிர்ந்த கிளாஸைத் தொட்டு, வெப்பத்தை இழந்து, நீராகிறது.

'குளிர் உள்ளே வருகிறது' என்று பேச்சில் சொல்வதில் தப்பில்லை. விடைத்தாளில் எழுதக் கூடாது. குளிர்ந்த காற்று நகரும், ஏனென்றால் காற்று ஒரு பொருள். 'குளிர்' என்று தனியாக நகரக்கூடிய ஒன்று கிடையாது.

கெட்டிக்காரப் பிள்ளை இங்கே ஒரு கேள்வி கேட்கும்: ஏர்கான் குளிர்ந்த அறையிலிருந்து வெப்பத்தை எடுத்துச் சூடான வெளியில் விடுகிறதே, விதி என்ன ஆனது? அருமையான கேள்வி. விதியில் 'தானாக' என்றொரு சொல் இருக்கிறது. ஏர்கானும் குளிர்பதனப் பெட்டியும் மின்சாரத்தைச் செலவழித்து வெப்பத்தை எதிர்த்திசையில் தள்ளுகின்றன. அடுக்குமாடி வீட்டுக்கு வெளியே மாட்டியிருக்கும் ஏர்கான் பெட்டியின் பக்கம் போனால் சூடான காற்று முகத்தில் அடிக்கும். அறையிலிருந்து எடுத்த வெப்பத்தோடு அந்த மின்சாரத்தின் ஆற்றலும் சேர்ந்து வருகிறது அது.

படி 3: கடத்தல்

நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வது இந்தப் படிக்குத்தான். தொடக்கநிலையில் வெப்பம் பரவுவதில் கேட்கப்படுவது பெரும்பாலும் இதுதான். சலனமும் கதிர்வீச்சும் உயர்நிலையில் வரும்.

நெரிசல் நேரத்து எம்ஆர்டி ரயில் பெட்டியை நினைத்துப் பாருங்கள். கதவருகே ஒருவர் அசைந்தால் பக்கத்தில் நிற்பவர் மேல் இடிபடும், அவர் அடுத்தவர் மேல் சாய்வார். யாரும் நின்ற இடத்தை விட்டுப் போகவில்லை, ஆனால் அசைவு பெட்டியின் நடு வரைக்கும் போய்விட்டது. திடப்பொருளின் துகள்களும் இப்படித்தான் நின்ற இடத்திலேயே அதிர்ந்து, வெப்பத்தைப் பக்கத்துத் துகளுக்குக் கைமாற்றுகின்றன. உலோகத்தில் கூடுதலாக, தடையின்றித் திரியும் எலக்ட்ரான்களும் ஆற்றலைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. உலோகம் நற்கடத்தியாக இருப்பதற்கு முக்கியக் காரணம் அவைதாம்.

இப்போது ஒரு சோதனை. பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். ஒரே நீளமுள்ள எவர்சில்வர் கரண்டி, மரக்கரண்டி, பிளாஸ்டிக் கரண்டி மூன்றையும் எடுங்கள். ஒவ்வொன்றின் காம்பிலும் ஒரே உயரத்தில், ஒரே அளவு வெண்ணெய் வைத்து ஒரு பச்சைப்பயறை ஒட்டுங்கள். நம் ஊர்ச் சூட்டில் வெண்ணெய் தானாகவே இளகிவிடும்; ஏர்கான் போட்ட அறையில் செய்வது நல்லது. பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றும் முன் ஓர் அட்டையில் மூன்று துளை போட்டு, கரண்டிகளை அதில் செருகிக்கொள்ளுங்கள்; வெந்நீர் ஊற்றியதும் அந்த அட்டையால் பாத்திரத்தின் வாயை மூடுங்கள். அட்டை எதற்கு? இல்லாவிட்டால் மேலே எழும் ஆவி மூன்று காம்புகளையும் சூடாக்கிவிடும். வெண்ணெய் உருகியது கரண்டி வழியே வந்த வெப்பத்தாலா, ஆவியாலா என்று தெரியாமல் போய்விடும். கரண்டியின் பொருளை மட்டும் மாற்றி, நீளம், வெண்ணெயின் அளவு, நீரின் சூடு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருப்பதால்தான் இது நியாயமான சோதனை. எந்தப் பயறு முதலில் விழுகிறது என்று நேரம் குறியுங்கள்.

அடுத்த சோதனை இதைவிட எளிது, இதைவிட ஆழமானது. சமையலறையில் அலுமினியத் தட்டு ஒன்றையும் மரப்பலகை ஒன்றையும் ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிறகு பிள்ளைகளை இரண்டின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டு ஜில்லென்று இருக்கும், பலகை அப்படி இருக்காது. இப்போது ஒரே அளவுள்ள ஐஸ் கட்டி ஒன்றைத் தட்டின் மேலும் இன்னொன்றைப் பலகை மேலும் வைக்கப் போகிறேன், எது முதலில் உருகும் என்று கேளுங்கள். 'தட்டு குளிர்ச்சியாக இருக்கிறது, ஆகவே அதில் ஐஸ் உருகாமல் இருக்கும்' என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். வைத்துப் பாருங்கள். தட்டில் உள்ள ஐஸ் கண்முன்னே வழுக்கிக்கொண்டு உருகும். பலகையில் உள்ளது மெதுவாகத்தான் கரையும்.

தட்டும் பலகையும் ஒரே அறையில் இருந்தவை, ஆகவே இரண்டும் ஒரே வெப்பநிலை. நம் தோலின் சூடு ஏறக்குறைய 33 டிகிரி. அதைவிடக் குறைந்த சூட்டில் இருக்கும் உலோகத்தைத் தொட்டால் கையிலிருந்து வெப்பம் வேகமாகப் போய்விடுகிறது. அந்த இழப்பைத்தான் 'ஜில்' என்று உணர்கிறோம். அதே உலோகம் ஐஸுக்கு வேகமாக வெப்பத்தைத் தருகிறது. அம்பின் திசைதான் மாறியது, உலோகத்தின் குணம் மாறவில்லை. எம்ஆர்டி ரயிலின் உலோகக் கம்பி குளிர்வதும் பிளாஸ்டிக் இருக்கை அவ்வளவு குளிராததும், நண்பகல் வெயிலில் விளையாட்டுத் திடலின் உலோகச் சறுக்கு தொடையைச் சுடுவதும் இதே கதைதான்.

உயர்நிலை மாணவர்களுக்குச் சில எண்கள். வெப்பக் கடத்துதிறன் செம்புக்கு ஏறக்குறைய 400, அலுமினியத்துக்கு 235, எவர்சில்வருக்கு 15, நீருக்கு 0.6, காற்றுக்கு 0.025. அலகு, மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு இத்தனை வாட். எவர்சில்வரும் உலோகம்தான், ஆனால் செம்போடு ஒப்பிட்டால் வெகு தூரம் பின்தங்கி நிற்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் செம்பு அல்லது அலுமினியத் தகடு வைத்துச் செய்வது அதற்காகத்தான். காற்றின் எண்ணையும் பாருங்கள்: அசையாமல் அடைபட்ட காற்றைப் போல எளிதில் கிடைக்கும் அரிதிற்கடத்தி (வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள்) வேறில்லை. போர்வை, கம்பளி, ஸ்டைரோஃபோம் பெட்டி எல்லாம் காற்றைச் சிறைபிடித்து வைத்திருக்கும் வித்தைகள். போர்வை வெப்பம் தருவதில்லை. உடம்பின் வெப்பம் வெளியே போவதை மெதுவாக்குகிறது. ஈரச்சந்தை மீன் கடையில் ஸ்டைரோஃபோம் பெட்டிக்குள் ஐஸ் நெடுநேரம் நிற்பதும், பொட்டலமாக வாங்கிய சாப்பாடு அதே மாதிரிப் பெட்டியில் சூடாக இருப்பதும் ஒரே காரணத்தால். முன்னதில் அம்பு உள்நோக்கி, பின்னதில் வெளிநோக்கி. இரண்டு அம்பையும் பெட்டி தாமதப்படுத்துகிறது.

படி 4: சலனம்

திரவத்திலும் வாயுவிலும் துகள்கள் இடம்விட்டு நகர முடியும். சூடான பகுதி விரிகிறது, அடர்த்தி குறைகிறது, மேலே போகிறது. குளிர்ந்த பகுதி கீழே இறங்கி அந்த இடத்தைப் பிடிக்கிறது. இந்தச் சுழற்சிதான் வெப்பச்சலனம்.

கண்ணால் பார்க்க ஆசையா? தண்ணீரில் நீல உணவுச் சாயம் கலந்து ஐஸ் கட்டியாக உறைய வையுங்கள். பெரிய கண்ணாடிக் குவளையில் சாதாரணத் தண்ணீர் நிரப்பி, அது ஆடாமல் அசையாமல் நிற்கும் வரை காத்திருந்து, சாய ஐஸை மெல்ல விடுங்கள். ஐஸ் மேலே மிதக்கும். அதிலிருந்து நீல நூல் நூலாகக் குளிர்ந்த நீர் கீழே இறங்கும். குவளைக்குப் பின்னால் வெள்ளைத்தாள் வைத்தால் தெளிவாகத் தெரியும்.

விடை எழுதும்போது 'வெப்பம் மேலே போகும்' என்று எழுதாதீர்கள். மேலே போவது சூடான காற்று அல்லது சூடான நீர். கடத்தலிலும் கதிர்வீச்சிலும் வெப்பம் எந்தப் பக்கமும் போகும்.

கரையோரப் பூந்தோட்டங்களின் ஃபிளவர் டோம் இதற்கு அற்புதமான எடுத்துக்காட்டு. அவ்வளவு உயரமான கண்ணாடிக் கூடம் முழுவதையும் குளிர்விப்பதென்றால் மின்சாரம் கொட்டிக்கொடுக்க வேண்டும். அப்படிச் செய்யவில்லை. தரைக்குள் பதித்த குழாய்களில் குளிர்ந்த நீர் ஓடுகிறது. குளிர்ந்த காற்று செடிகளும் மனிதர்களும் இருக்கும் கீழ்ப்பகுதியிலேயே தங்குகிறது. சூடான காற்று மேலே சேர்ந்து வெளியேற்றப்படுகிறது. 23 முதல் 25 டிகிரி வரை கீழே கிடைக்கிறது. வீட்டு அறையில் ஏர்கானை உயரத்தில் மாட்டுவதும் சலனத்தை நம்பித்தான்: மேலே குளிர்ந்த காற்று தானாக இறங்கும், சூடான காற்று மேலே ஏறி ஏர்கானிடம் போகும்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பிற்பகலில் கடலிலிருந்து வீசும் காற்றையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். அதே வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல்நீர் மெதுவாகச் சூடாகிறது. நிலத்தின் மேல் உள்ள காற்று எழும்ப, கடலின் மேல் உள்ள குளிர்ந்த காற்று கரைக்கு வருகிறது.

படி 5: கதிர்வீச்சு

சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் வெற்றிடம். கடத்தத் துகளும் இல்லை, சலனத்துக்குக் காற்றும் இல்லை. ஆனாலும் கிளம்பி எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் அந்த வெப்பம் நம் தோளைச் சுடுகிறது. கதிர்வீச்சுக்கு ஊடகமே தேவையில்லை. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேயும் சூடு ஏறியது. அப்படித்தான் அகச்சிவப்புக் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது. 2020-இல் கொவிட் காலத்தில் கடைத்தொகுதி வாசலில் நெற்றிக்கு நேரே பிடித்த வெப்பமானி, நம் உடம்பு வெளிவிடும் இந்தக் கதிரைத்தான் அளந்தது.

கறுத்த, சொரசொரப்பான பரப்பு கதிர்வீச்சை நன்றாக ஈர்க்கும், நன்றாக வெளிவிடவும் செய்யும். வெளுத்த, பளபளப்பான பரப்பு திருப்பி அனுப்பும். தெம்பனிஸ் வட்டாரத்தில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு வெப்பத்தைப் பிரதிபலிக்கும் சாயம் பூசிப் பார்த்த முயற்சி இந்த அடிப்படையில் நடந்ததுதான். பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட்டும் தார்ச்சாலையும் இரவில் அதை மெல்ல வெளிவிடுவதால், இரவு நேரத்தில் சிங்கப்பூரின் நெருக்கமான நகர்ப்பகுதிக்கும் மரங்கள் அடர்ந்த பகுதிக்கும் 7 டிகிரி வரை வித்தியாசம் இருந்ததாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இங்கே பதிவான உச்ச வெப்பநிலை 37 டிகிரி: 1983 ஏப்ரலில் தெங்காவில் ஒருமுறை, 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் ஒருமுறை. இந்தப் பாடம் நம் பிள்ளைகள் வாழப்போகும் ஊரைப் பற்றியது என்பதால்தான் அதைப் புரிந்து படிக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

படி 6: வெப்பநிலை ஏறாமலே வெப்பம் சேரும் இடம்

கொதிக்கும் தண்ணீருக்கு அடுப்பு தொடர்ந்து வெப்பம் தருகிறது, ஆனால் வெப்பமானி 100 டிகிரியிலேயே நிற்கிறது. போன வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கச் செலவாகிறது. உள்ளுறை வெப்பம் என்பது இது. 18-ஆம் நூற்றாண்டில் ஜோசஃப் பிளாக் இதைக் கண்டறிந்தார். 1 கிராம் நீரை 30-லிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 294 ஜூல் போதும். அதே 1 கிராமை 100 டிகிரியில் ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும். இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது கையில் படும் ஆவி, கொதிநீரைவிட மோசமாகச் சுடுவது இதனால்தான்: அது தோலில் நீராக மாறும்போது அந்த 2,260 ஜூலையும் அங்கேயே கொட்டிவிடுகிறது.

வியர்வை இதன் மறுபக்கம். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து ஏறக்குறைய 2,400 ஜூல் எடுத்துச் செல்கிறது. நம் ஊரில் காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை சீக்கிரம் காய்வதில்லை, அதனால்தான் புழுக்கம். மின்விசிறி ஈரக்காற்றைத் தோலிலிருந்து விலக்கி, ஆவியாவதை வேகப்படுத்துகிறது. அது அறையின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. ஆளில்லாத அறையில் வெப்பமானி வைத்து விசிறியை ஓடவிட்டுப் பாருங்கள், அளவு இறங்காது.

படி 7: விரிதலும் சுருங்குதலும்

சுருக்கமாகவே சொல்லலாம். வெப்பம் பெற்றால் பெரும்பாலான பொருள்கள் விரியும், இழந்தால் சுருங்கும். 100 மீட்டர் எஃகுத் தண்டவாளத்தின் வெப்பநிலை 20 டிகிரி ஏறினால் அது ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளும். பாலங்களில் இடைவெளி விடுவது இதற்காக. திறக்க வராத ஊறுகாய்ப் பாட்டிலின் உலோக மூடியை வெந்நீரில் காட்டினால் மூடி கண்ணாடியைவிட அதிகம் விரிந்து இளகும். நிறை மாறாது, கொள்ளளவுதான் மாறும். இதை மறக்காதீர்கள்.

படி 8: எல்லாவற்றையும் ஒரு பொருளில் பாருங்கள்

ஜேம்ஸ் டேவர் 1892-இல் உருவாக்கிய வெற்றிடக் குடுவைதான் இன்றைய பிளாஸ்க்கின் மூதாதை. இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம்: கடத்தலும் சலனமும் அங்கே நடக்க வழியில்லை. சுவரின் பளபளப்பு: கதிர்வீச்சைத் திருப்பி அனுப்புகிறது. இறுக்கமான மூடி: சூடான காற்றும் ஆவியும் வெளியேறுவதைத் தடுக்கிறது. வீட்டு பிளாஸ்க்கைப் படம் வரைந்து, ஒவ்வோர் இடத்திலும் எந்த வழி அடைபடுகிறது என்று எழுதிப் பாருங்கள். பிறகு காப்பிக்கடையில் தே தாரிக் இழுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லா வழிகளும் திறந்துவிடப்படுகின்றன: தேநீர் நீண்ட தாரையாக விழுவதால் காற்றில் படும் பரப்பு கூடுகிறது, ஆவியாவதும் கூடுகிறது, சீக்கிரம் ஆறுகிறது.

படி 9: விடை எழுதும் முறை

கேள்வி: ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ் கட்டிகள். ஒன்றைக் கம்பளித் துணியில் சுற்றியும் இன்னொன்றை அப்படியேயும் மேசைமேல் வைத்தால் எது முதலில் முழுதாக உருகும்? ஏன்?

'கம்பளி சூடாக இருக்கும், ஆகவே சுற்றியது முதலில் உருகும்' என்பது தவறான விடை. 'கம்பளி அரிதிற்கடத்தி' என்று மட்டும் எழுதினால் அரைகுறை விடை. முழு விடையில் வெப்பம் எங்கிருந்து எங்கே போகிறது, நடுவில் இருக்கும் பொருள் அதை என்ன செய்கிறது, அதனால் என்ன நடக்கிறது என்ற மூன்றும் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்: சுற்றாத ஐஸ் முதலில் உருகும். கம்பளியும் அதில் அடைபட்ட காற்றும் அரிதிற்கடத்திகள். சூடான சுற்றுப்புறக் காற்றிலிருந்து ஐஸுக்கு வெப்பம் போவதை அவை மெதுவாக்குகின்றன. ஆகவே சுற்றிய ஐஸ் மெதுவாக வெப்பம் பெற்று மெதுவாக உருகும்.

சொந்தமாகச் செய்து பார்க்க மூன்று கேள்விகள். சோற்றுக் குக்கரின் கைப்பிடி ஏன் பிளாஸ்டிக்கில் இருக்கிறது? சாத்தே குச்சி மூங்கிலுக்குப் பதில் உலோகமாக இருந்தால் சாப்பிடுபவருக்கு என்ன ஆகும், உள்ளே இறைச்சி வேகும் வேகம் என்ன ஆகும்? மழை நாளில் ஏர்கான் போட்ட பேருந்தின் சன்னலில் நீர்த்திவலை படிவது கண்ணாடியின் உட்பக்கமா, வெளிப்பக்கமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு குறிப்பு: கண்ணாடியை உள்ளிருந்து ஏர்கான் குளிர்விக்கிறது, வெளியில் இருப்பது வெதுவெதுப்பான ஈரக்காற்று. நீராவியிலிருந்து கண்ணாடிக்கு ஓர் அம்பு போட்டுப் பாருங்கள்.